60 மைல் சமதளம், 20 கிராம் அலுமினியம்

அமெரிக்காவின் மேரிலாந்தில், கம்பர்லாந்திலிருந்து ஹான்காக் வரை சைக்கிள் பாதையில் 60.5 மைல், அதாவது 97 கிலோமீட்டர். வழியில் ஒரு மேடு கூடக் கிடையாது. தார்ச்சாலையில் ஒரே நாளில் 80 மைல் ஓட்டிய கால்களுக்கு இதெல்லாம் எம்மாத்திரம் என்றுதான் அக்டோபர் மூன்றாவது வாரத்து வெள்ளிக்கிழமை காலையில் கிளம்பினேன். ராத்திரி எட்டரை மணிக்கு, முன்பின் தெரியாத ஒருவருடைய பிக்கப் டிரக்கில் சைக்கிளைக் கிடத்திக்கொண்டு ஹான்காக் போய்ச் சேர்ந்தேன். 310 டாலரும் இரண்டு நாள் விடுப்பும் போனது. நண்பர் ஒருவரின் சனிக்கிழமையும் சேர்ந்து போனது. இத்தனைக்கும் காரணம் உள்ளங்கையில் அடங்குகிற ஓர் அலுமினியத் துண்டு, அதற்கு முன்னால் நான் போட்ட தப்புக் கணக்கு. வாஷிங்டன் பக்கம் இருக்கிற நம்மவர்களில் பலர் இந்தப் பாதையை ஒரு நாளாவது ஓட்டிப் பார்க்க ஆசைப்படுகிறார்கள் என்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

பாதை இதுதான்: செசபீக் அண்ட் ஒஹாயோ கால்வாய், சுருக்கமாக சி அண்ட் ஓ. போடோமாக் ஆற்றின் கரையோடு ஒட்டி வாஷிங்டனின் ஜார்ஜ்டவுனிலிருந்து மேரிலாந்தின் கம்பர்லாந்து வரை 184.5 மைல் ஓடுகிறது. 1828 ஜூலை 4 அன்று ஜனாதிபதி ஜான் குயின்சி ஆடம்ஸ் மண்வெட்டி பிடித்து வேலையைத் தொடங்கிவைத்தார். அதே நாளில்தான் பால்டிமோரில் ரயில் பாதைக்கு முதல் கல் நட்டார்கள். ரயில் 1842இல் கம்பர்லாந்துக்கு வந்துவிட்டது. கால்வாய் வந்து சேர 1850 ஆனது. பெயரில் ஒஹாயோ இருக்கிறதே தவிர, அந்த ஆற்றை அது எட்டவே இல்லை. நிலக்கரிப் படகுகளைக் கோவேறு கழுதைகள் கரையில் நடந்து கயிற்றால் இழுத்துப் போயின. 1924 வெள்ளத்தோடு போக்குவரத்து முடிந்தது. கால்வாய் ஓரமாக மோட்டார் சாலை போடலாம் என்ற யோசனை வந்தபோது, உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ் 1954இல் முழுத் தூரத்தையும் நடந்து காட்டி எதிர்ப்பைத் திரட்டினார். 1971இல் தேசிய வரலாற்றுப் பூங்கா ஆனது. கழுதைகள் நடந்த அந்த டோபாத்தில்தான் இன்று சைக்கிள் ஓடுகிறது.

ஜார்ஜ்டவுன்தான் பூஜ்யம். கம்பர்லாந்தில் ஏறினால் மைல்கல் எண் 184இலிருந்து குறைந்துகொண்டே வரும். மூன்று நாளில் முடிக்க நினைப்பவர்களுக்கு ஹான்காக்கும் ஹார்ப்பர்ஸ் ஃபெரியும் கிட்டத்தட்ட சரிசமமாக மூன்று துண்டு போட்டுத் தருகின்றன: 60.5, 63, 61. என் திட்டமும் அதுவே. வியாழக்கிழமை வாஷிங்டனில் ரயில் ஏறி மாலையில் கம்பர்லாந்து. அந்த வழியில் நாளுக்கு ஒரே ஒரு ஆம்ட்ராக் ரயில்தான், சைக்கிளுக்கும் தனியாக முன்பதிவு செய்ய வேண்டும், இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும். இதெல்லாம் ஒழுங்காகவே செய்தேன். வழியில் தங்கும் இரண்டு ராத்திரிக்கும் அறை எடுத்தேன், பணம் திரும்பக் கிடைக்காத மலிவு விலையில். முதல் தப்பு அது. மழையை நம்பி இருக்கிற பாதைக்கு ரத்து செய்யக்கூடிய அறைதான் எடுக்க வேண்டும், பத்து இருபது டாலர் கூடினாலும்.

இரண்டாவது தப்பு, "சமதளம்" என்ற வார்த்தையை நம்பியது. கால்வாய் முழுவதற்கும் 74 லாக், அதாவது படகை ஏற்றி இறக்கும் நீர்ப்பூட்டுகள். மொத்த உயர வித்தியாசம் 605 அடி. ஒரு லாக் வரும்போது எட்டடி சறுக்கல், பிறகு அடுத்த லாக் வரை தண்ணீர் மட்டம் போலவே தட்டை. கம்பர்லாந்திலிருந்து கிளம்பினால் முதல் ஒன்பது மைலுக்கு அந்தச் சறுக்கலும் இல்லை. கேட்க சுகமாக இருக்கிறது. ஆனால் இறக்கம் இல்லாத பாதையில் பெடலை விட்டு ஒரு நிமிடம் காலை ஆற்ற முடியாது. மேடு இல்லாததால் எழுந்து நின்று மிதிக்கவும் வேலை வராது. ஒரே உட்காரல், ஒரே மிதி, எட்டு மணி நேரம். இடுப்புக்குக் கீழே மரத்துப் போவது அதனால்தான். பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை, தேவையே இல்லாவிட்டாலும், ஒரு கியர் ஏற்றிப் போட்டு இருபது மிதி நின்றுகொண்டு மிதியுங்கள்.

அந்தத் தட்டைப் பாதையின் மேல் சேறு. செவ்வாய், புதன் இரண்டு நாளும் மழை; வியாழன் நல்ல வெயில். தார்ச்சாலைக்காரன் புத்தி, ஒரு நாள் வெயில் போதும் என்றது. டோபாத்தின் மேல் மரங்கள் கூரை போட்டிருக்கின்றன, அடியில் களிமண். தண்ணீர் கசியாமல் இருக்க வேண்டும் என்று களிமண்ணை மிதித்துக் குழைத்துக் கட்டிய கால்வாய் அது. அந்த மண் சக்கரத்தின் கீழ் எப்படி நடந்துகொள்ளும் என்று அவர்கள் ஏன் கவலைப்படப் போகிறார்கள்? சமீப வருடங்களில் பல பகுதிகளுக்குப் பொடிக்கல் போட்டுப் புதுப்பித்திருக்கிறார்கள், அங்கே ஓட்டம் அருமை. மற்ற இடங்களில் நடுவில் புல், இருபுறமும் இரண்டு தடம், தடம் முழுக்கக் குட்டை. காய்ந்த நாளில் மணிக்கு பத்து மைல் சாதாரணமாக வரும். அன்று ஏழு மைலைத் தாண்டவில்லை. கனமழை நின்று முழுதாக மூன்று நாள் கழியாமல் இந்தப் பகுதியில் இறங்காதீர்கள். இறங்கியே ஆக வேண்டுமென்றால், கம்பர்லாந்திலிருந்து பா பா என்ற ஊர் வரை மாநிலச் சாலை 51 கூடவே வருகிறது. ஏற்ற இறக்கம் உண்டு, ஓரம் குறுகல், ஆனால் தார்.

இலையுதிர் காலத்தில் சேற்றுக்கு ஒரு கூட்டாளி உண்டு. ஈர இலையும் களிமண்ணும் சேர்ந்தால் வைக்கோல் கலந்த சுவர் மண் மாதிரிதான். 38 மில்லிமீட்டர் டயர், அதற்கு மேல் மட்கார்டு, நடுவில் அரை விரல் இடைவெளி. மைல் 177 பக்கம் பின் சக்கரம் சுத்தமாக நின்றுவிட்டது. குச்சியால் தோண்டினேன், 300 அடி போனேன், மறுபடி நின்றது. கடைசியில் இரண்டு மட்கார்டையும் கழற்றிப் பையின் மேல் கட்டினேன். நாற்பது நிமிடம் அங்கேயே போனது. இந்தப் பாதைக்கு மட்கார்டு வைத்தால் டயருக்கு மேல் ஒரு விரல் முழுதாகப் போகிற இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு முதுகில் சேறு வாங்கிக்கொள்ளலாம். சேற்றில் இருக்கிற மணல் டிஸ்க் பிரேக் பேடையும் தின்றுவிடும். ரெசின் பேடு ஒரே ஈர நாளில் பாதியாகிவிடுகிறது. உலோகத்தூள் கலந்த பேடு சத்தம் போடும், ஆனால் தாங்கும். செயினுக்குக் கெட்டியான ஈரக்கால எண்ணெய் போட்டு, ஒரு சின்ன புட்டி கையிலும் வைத்திருங்கள்.

தண்ணீர், சாப்பாடு விஷயம் சுருக்கமாக. வழி முழுக்க ஐந்தாறு மைலுக்கு ஒன்றாக நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்குமான இலவச முகாம் இடங்கள்: ஒரு மேசை, ஒரு தற்காலிகக் கழிப்பறை, ஒரு கை பம்பு. பம்புத் தண்ணீரில் அயோடின் போடுவார்கள், லேசாக மருந்து வாடை அடிக்கும், குடிக்கலாம். நவம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை பம்புக் கைப்பிடியையே கழற்றிவிடுவார்கள். மற்ற மாதங்களிலும் தண்ணீர்ச் சோதனையில் தேறாத பம்பு மூடிக் கிடக்கும். அதனால் அடுத்த பம்பை நம்பி பாட்டிலைக் காலி செய்யக் கூடாது, இரண்டு லிட்டர் எப்போதும் கையிருப்பு. சாப்பாட்டுக் கடை என்று நம்பிப் போக வழியில் கிட்டத்தட்ட எதுவும் இல்லை. புளியோதரை கட்டிக்கொண்டு போனது அன்று நான் செய்த ஒரே புத்திசாலித்தனம்.

மைல் 156. பா பா சுரங்கத்தின் வாசலுக்குக் கொஞ்சம் முன்னால். மணி பன்னிரண்டே முக்கால். பெயரைக் கேட்டால் நமக்குப் பப்பாளி ஞாபகம் வரும், ஆனால் இது வேறு. அங்கே ஆற்றங்கரையில் தானாக முளைக்கிற பா பா மரம் சீத்தாப்பழக் குடும்பம். செப்டம்பரில் பழுக்கும், அக்டோபர் கடைசியில் தேடினால் கிடைக்காது. சுரங்கம் 3,118 அடி, 950 மீட்டர். ஆற்றின் வளைவுகளைத் தவிர்க்க மலையைக் குடைந்தார்கள். 1836இல் தொடங்கி இரண்டு வருடத்தில் முடிப்பதாகப் பேச்சு, 1850இல் முடிந்தது. உள்ளே அறுபது லட்சத்துக்கும் மேல் செங்கல். அகலம் ஒரு படகுக்கு மட்டும். எதிரெதிரே வந்த இரண்டு படகுக்காரர்கள் பின்வாங்க மாட்டேன் என்று நாள்கணக்கில் முறைத்துக்கொண்டு நின்றதாகவும், கடைசியில் பச்சைச் சோளத்தட்டையை எரித்துப் புகை மூட்டி வெளியேற்றியதாகவும் ஒரு கதை சொல்வார்கள்.

சுரங்கத்துக்குள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். பாதை இரண்டு பேர் ஒதுங்கிப் போகிற அளவு, ஒரு பக்கம் மரக் கைப்பிடி, அதற்கு அப்பால் கீழே கறுத்த தண்ணீர். தரை மேடு பள்ளம், மேலிருந்து சொட்டிக்கொண்டே இருக்கும். பின்னால் மாட்டிய பை இரண்டு பக்கமும் தொங்கினால் கைப்பிடியில் இடிக்கும், அதனால் சுவர்ப் பக்கம் நீங்களும் கைப்பிடிப் பக்கம் சைக்கிளுமாக நடக்க வேண்டாம். மாற்றிப் பிடியுங்கள், சைக்கிளைச் சுவரோடு விடுங்கள். ஃபோன் டார்ச் போதாது, கழற்றிக் கையில் பிடிக்கிற விளக்கு வேண்டும். வெளியே வந்ததும் மரப்பலகை நடைபாதை, ஈரத்தில் எண்ணெய் பூசின மாதிரி வழுக்கும். அங்கேயும் ஏறாதீர்கள். சுரங்கத்துக்கு மட்டும் இருபத்தைந்து நிமிடம் கணக்கில் வையுங்கள்.

அடுத்து வருகிற லாக்குகளின் எண்கள் வேடிக்கை: 66, 64⅔, 63⅓, 62. 65 என்று ஒன்றே இல்லை. திட்டமிட்டதைவிட லாக்குகள் குறைந்துவிட, இரண்டு பக்கமும் ஏற்கனவே போட்ட எண்கள் ஒத்துப்போகாமல் பின்னம் போட்டுச் சமாளித்திருக்கிறார்கள். சிரித்துக்கொண்டே அதைத் தாண்டி, நேரத்தை மீட்க வேண்டும் என்று வேகம் கூட்டினேன். மைல் 149.8. மணி 2:40. இலைக்கு அடியில் ஒரு குச்சி இருந்திருக்கிறது, கட்டைவிரல் தடிமன், ஒரு முழ நீளம். முன் சக்கரம் அதை எற்றிவிட, பின் சக்கரக் கம்பிக்குள் நுழைந்து, சுற்றி வந்து, கியர் மாற்றும்போது செயினை நகர்த்துகிற டீரெய்லரில் மாட்டியது. "டக்" என்று ஒரு சத்தம். அங்கேயே மிதிப்பதை நிறுத்தியிருந்தால் ஒரு வளைசலோடு முடிந்திருக்கும். சேற்றில் சிக்கிவிட்டது என்று நினைத்து இன்னும் இரண்டு மிதி அழுத்தினேன். டீரெய்லரைத் தாங்குகிற ஹேங்கர் முறிந்து, டீரெய்லர் செயினில் தொங்கி, கம்பிகளுக்குள் போய்ச் சுருண்டது.

டீரெய்லர் சட்டகத்தில் நேரடியாக இருக்காது, நடுவில் ஹேங்கர் என்ற துண்டு உண்டு. 20 கிராம்தான் இருக்கும். அது பலவீனமாக இருப்பது வேண்டுமென்றேதான். அடி விழுந்தால் சட்டகம் வளையாமல் இது முறிய வேண்டும். சிக்கல் என்னவென்றால் இதில் நூற்றுக்கணக்கான வடிவங்கள். உங்கள் சைக்கிளின் மாடலுக்கு உரியது மட்டும்தான் பொருந்தும், ஆர்டர் போட்டால் வர நாலைந்து நாள். ஒன்று வாங்கி, வீட்டில் ஒரு முறை மாட்டிப் பார்த்து, சீட்டுக்கு அடியில் டேப் போட்டு ஒட்டிவையுங்கள். குயிக் ரிலீஸ் அச்சு இருக்கிற சைக்கிளுக்கு எல்லாவற்றுக்கும் பொதுவான அவசர ஹேங்கரும் கிடைக்கிறது. முறியாமல் வளைந்து மட்டும் இருந்தால் கையால் மெதுவாக நிமிர்த்தி நடு கியர்களில் மட்டும் ஓட்டுங்கள். பெரிய பல்சக்கரத்துக்குப் போனால் டீரெய்லர் கம்பிக்குள் பாயும். இலை மூடின பாதையில் எப்போதுமே அந்தக் கடைசி கியரைத் தவிர்ப்பது நல்லது. சத்தம் கேட்டால் உடனே மிதியை நிறுத்தி, இறங்கி, சக்கரத்தைப் பின்னோக்கிச் சுழற்றிக் குச்சியை எடுக்க வேண்டும்.

மிஞ்சிய வழி, டீரெய்லரை எடுத்துவிட்டு ஒரே கியர் சைக்கிளாக்குவது. முறை தெரியும், செய்து பார்த்ததில்லை. கேபிளை அவிழ்த்து, செயின் டூலால் செயினைப் பிரித்து, டீரெய்லரைக் கழற்றி, முன்னால் சின்னப் பல்சக்கரம், பின்னால் அதற்கு நேர்கோட்டில் வருகிற ஒன்று, செயினை இழுத்து அளந்து அதிகப்படி கண்ணிகளை வெட்டி, குயிக் லிங்க் என்ற இணைப்புக் கண்ணி போட்டு மூட வேண்டும். கஷ்டம் எங்கே என்றால், செயினை ஓர் அங்குலம் ஓர் அங்குலமாகத்தான் குறைக்க முடியும், இப்போதைய சட்டகங்களில் சக்கரத்தைப் பின்னால் இழுத்து இறுக்கவும் வழியில்லை. தொய்வைச் சரிசெய்யப் பின் பல்சக்கரத்தைத்தான் மாற்ற வேண்டும்: நான்கு பல் கூடினால் அல்லது குறைந்தால் செயின் தேவை ஓர் அங்குலம் மாறும். தொய்வு இருந்தால் செயின் நழுவி விழும். நேர்கோடு தப்பினால் பக்கத்துப் பெரிய பல்சக்கரத்தில் தானாக ஏறி, நாண் மாதிரி இறுகி, எங்கேயாவது அறும்.

எனக்கு அறுந்தது, ஆனால் காரணம் இன்னும் கேவலமானது. பையில் இருந்த குயிக் லிங்க் 11 வேகச் செயினுக்கானது, என் செயின் 10 வேகம். குறுகலான லிங்க் அகலச் செயினில் பூட்டவே பூட்டாது. வாங்கும்போது உறையைப் பார்க்கவில்லை. வேறு வழியில்லாமல், செயின் கண்ணியைக் கோத்திருந்த பழைய பின்னையே திரும்ப உள்ளே தள்ளினேன். இந்தக் காலத்துச் செயின்களில் பின்னின் முனையைத் தட்டி விரித்திருப்பார்கள். ஒரு முறை வெளியே தள்ளினால் அந்தப் பிடிப்பு போய்விடும். ஒன்றேகால் மணி நேரம் மல்லுக்கட்டி, விரலில் ரத்தமும் கருப்பு எண்ணெயுமாக நான்கு மணிக்குக் கிளம்பி, சுமார் ஒன்றே முக்கால் மைலில் மைல் 148க்கு வந்தபோது அந்தப் பின்னே பிய்த்துக்கொண்டது. சத்தமாகக் கெட்ட வார்த்தையில் திட்டினேன், கேட்க ஆள் இல்லை. அழுகை வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த இடத்தில் ஃபோனில் ஒரு கோடு கூட இல்லை. ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் கிரீன் ரிட்ஜ் மாநிலக் காடு. ஆறரைக்குள் இருட்டிவிடும். சிக்னல் இல்லாத இடத்தில் ஃபோன் தேடித் தேடியே பேட்டரியைத் தின்னும், ஏர்ப்ளேன் மோடில் போடுங்கள். வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வையுங்கள். கடைசியாகக் கடந்த மைல்கல் எண்ணை எப்போதும் மனதில் வைத்திருங்கள், உதவிக்கு அழைக்க நேர்ந்தால் இந்தப் பாதையில் முகவரி அது ஒன்றுதான். அன்று வீட்டில் யாருக்கும் நான் எத்தனை மணிக்கு எங்கே இருக்க வேண்டும் என்பது தெரியாது. தெரிந்திருந்தால் பயம் பாதியாவது குறைந்திருக்கும்.

லிட்டில் ஆர்லியன்ஸ் மைல் 141. ஏழு மைல். மூன்று மைல் தள்ளிக்கொண்டு நடந்த பிறகுதான் மண்டையில் உறைத்தது: செயின் இல்லாவிட்டாலும் சக்கரம் உருளும். சீட்டை முழுக்க இறக்கி, உட்கார்ந்தபடி இரண்டு காலாலும் தரையை உதைத்துப் போனால் நடையைவிட ஒன்றரை மடங்கு வேகம். காலையிலிருந்து திட்டிக்கொண்டிருந்த சமதளம் அங்கே உதவியது. மலைப்பாதையாக இருந்தால் இந்த வித்தை செல்லாது. குட்டை வரும்போது இறங்க வேண்டும், அவ்வளவுதான். பழைய நிலக்கரிப் படகுகள் மணிக்கு மூன்று நான்கு மைல் போகும். அன்று சாயங்காலம் நானும் கழுதை வேகத்தில்தான் போனேன்.

லிட்டில் ஆர்லியன்ஸை எட்டும்போது மணி ஆறே முக்கால், கண் தெரியாத இருட்டு. அங்கே கார் வந்து நிற்கிற முகாம் இடம் உண்டு. தீ மூட்டி உட்கார்ந்திருந்த வயதான தம்பதியிடம் போய் நின்றேன். முதலில் ஒரு கோப்பை சூப் கொடுத்தார்கள், பிறகுதான் என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். பெரியவர் சைக்கிளை டிரக்கில் ஏற்றி ஹான்காக்கில் இறக்கிவிட்டார், பெட்ரோலுக்கு நீட்டிய பணத்தை வாங்கவில்லை. சிக்னல் வந்ததும் நண்பரை அழைத்தேன். "எங்கடா இருக்க? ட்ராக்டர்ல அடிபட்ட மாதிரி பேசுற" என்றார். சனிக்கிழமை மதியம் வந்து காரில் கூட்டிப்போனார். குளிக்கும்போது முழங்காலுக்குப் பின்னால் ஓர் உண்ணி கடித்துக்கொண்டு இருந்தது. ட்வீசரால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுத்தேன். லைம் நோய் வருகிற பகுதி, அக்டோபரிலும் உண்ணி உண்டு, கணுக்கால், முழங்கால் மடிப்பு, இடுப்புப் பட்டை இடம் எல்லாம் பார்த்துவிட்டுத்தான் படுக்க வேண்டும்.

கணக்கு: டீரெய்லர் 70, ஹேங்கர் 28, செயின் 32, பிரேக் பேடு 24, கூலி 60, போகாத ஹார்ப்பர்ஸ் ஃபெரி அறைக்கு 96.

கோபம் வந்தது மறுநாள்தான். லிட்டில் ஆர்லியன்ஸிலிருந்து ஹான்காக் பக்கமாக, டோபாத்துக்கு இணையாக, பழைய ரயில் தடத்தில் தார் போட்ட சைக்கிள் பாதை ஓடுகிறது: வெஸ்டர்ன் மேரிலாந்து ரயில் டிரெயில். நடுவில் இண்டிகோ சுரங்கத்தை வௌவால்களுக்காக அடைத்திருப்பதால் அந்தச் சில மைல் மட்டும் டோபாத்துக்கு இறங்க வேண்டும். பியர் என்ற இடத்திலிருந்து ஹான்காக் வரை விடாமல் தார். சேற்று நாளில் இந்தப் பகுதியை அதில் ஓட்டினால் ஒரு மணி நேரம் மிஞ்சும், குச்சியும் கண்ணுக்குத் தெரியும். நான் அதில் ஒரு அடி கூட ஓட்டவில்லை. மீதி 124 மைலும் மே மாதத்துக்கு. 10 வேக லிங்க் இரண்டு, ஹேங்கர் ஒன்று, ஏற்கனவே சீட்டுக்கு அடியில் ஒட்டியாகிவிட்டது.